அழுத்தும் கையும் கேட்கும் கையும்

உடலைத் தொட்டு நலம் தரும் முறைகளுள் மசாஜையும் கிரேனியோசேக்ரல் சிகிச்சையையும் ஒரே இனமாகக் கருதுவது இன்று வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் ஒருவர் மேசைமேல் படுத்திருக்கிறார், மற்றொருவர் அவர் உடலில் கை வைக்கிறார், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் படுத்திருந்தவர் இளகிய மனத்தோடு எழுகிறார் என்பதால், அழுத்தத்தின் அளவு ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது என்று விளக்குவோரும் உண்டு. முன்னது எண்ணெயிட்டு, தசையைப் பிடித்து, நீவி, உருவிச் செய்யப்படுவது. பின்னது உடுத்திய உடையோடு படுத்திருப்பவரின் தலையையோ இடுப்பின் பின்புறத்தையோ 5 கிராம் எடைக்கு மேற்படாத மென்மையோடு தாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அசையாமல் காத்திருப்பது. இந்த விளக்கத்தில் பிழையில்லை என்றாலும் இது மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கை எதை அறிவதாகச் சொல்கிறது, அந்த அறிவுக்குச் சாட்சி யார் என்ற இடத்தில்தான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. அந்த இடம் மருத்துவத்துக்கு உரியதாகத் தோன்றினாலும், எதை எந்த வழியில் அறிந்தால் அது அறிவாகும் என்று ஆராயும் அளவையியலுக்கு முதலில் உரியது. அதன் ஒரு வேர் சமய நம்பிக்கைக்குள்ளும் ஓடுகிறது.

மசாஜின் வரலாறு நீண்டது, எனினும் அதன் அடிப்படைச் செயல்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடவில்லை. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணம், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுக்கப்படுகிறது. 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவிய பெர் ஹென்ரிக் லிங்கின் வழியிலும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகழ்பெற்ற டச்சு மருத்துவர் யோஹான் கியார்க் மெட்ஸ்கரின் வழியிலும் ஐரோப்பாவில் உருப்பெற்ற மசாஜும், நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என ஏறக்குறைய அதே வினைகளைக் கொண்டே தன்னை விளக்கிக்கொள்கிறது. இரு மரபுகளிலும் பாகுபாடு கை செய்யும் வேலையை ஒட்டியே அமைந்துள்ளது. உடலுக்குள் மறைந்திருக்கும் ஏதோ ஒன்றின் வகைகளாக அது அமையவில்லை. கை என்ன செய்கிறது என்பது செய்பவருக்கும் செய்துகொள்பவருக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் ஒரே அளவில் வெளிப்படையாக இருக்கிறது. தோளில் இறுகிய தசையைக் கட்டைவிரல் எட்டியதா என்பதை விரலும் அறியும், தோளும் அறியும். எட்டவில்லையென்றால் ‘இன்னும் கொஞ்சம் மேலே’ என்று சொல்லப் படுத்திருப்பவருக்கு முழு உரிமை உண்டு.

இதனால் மசாஜைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் நிறுவப்பட்ட உண்மை என்று ஆகிவிடாது. உடற்பயிற்சிக்குப்பின் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது என்ற பரவலான நம்பிக்கையைச் சோதனைகள் ஆதரிக்கவில்லை. ‘நச்சுப்பொருள் வெளியேறுகிறது’ என்று கூறுவோர் எந்த நஞ்சு என்று பெயரிட்டுச் சொல்வதில்லை. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பயன்படுமா என்று 2015இல் ஆராய்ந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கிடைத்திருக்கும் சான்றுகளின் மேல் மிகக் குறைந்த நம்பிக்கையே வைக்க முடியும் என்று முடித்தது. ஆனால் தொடுதல் உடலில் வேலை செய்யும் வழிகள் சில தெளிவாகியுள்ளன. தோலில் உள்ள ஒருவகை மெல்லிய நரம்பிழைகள், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக வருடும்போது மிகுதியாகக் கிளர்ந்து, இன்ப துன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் நிலைநாட்டினர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் என உடலை வருடியும் கைகால்களை மடக்கி நீட்டியும் வந்தபோது அவர்களின் எடை மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் விரைவாகக் கூடியதாக, அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்டு தலைமையில் நடந்து 1986இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. எடை என்பது தராசு காட்டுவது. அதைக் காண வருடிய கைக்குத் தனிப் பயிற்சியோ தனிப் புலனோ வேண்டியிருக்கவில்லை.

கிரேனியோசேக்ரல் சிகிச்சை வேறொரு நிலத்தில் முளைத்தது. அதன் பெயர் மண்டையோட்டையும், முதுகெலும்பின் அடியில் இடுப்புக்கூட்டின் பின்புறமாக அமைந்த முக்கோண எலும்பையும் சேர்த்துக் குறிப்பது. அதன் தாய்மரபு, எலும்பு, தசை ஆகியவற்றின் அமைப்பைக் கையால் சீர்செய்து நோயைத் தீர்க்க முயன்ற ஆஸ்டியோபதி. அம்மரபைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917) ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய வீட்டுக் குழந்தைகள் மூவரைக் கொண்டுபோனபோது, அக்கால மருந்துகளின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை முறிந்தது. கடவுள் படைத்த உடல் குறையற்ற இயந்திரம், அதன் பாகங்களைச் சரியான இடத்தில் வைத்தால் அது தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கொள்கைக்கு அவர் வந்துசேர்ந்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த உறைகளில் பற்றிய நோயால் குழந்தைகளை இழந்த ஒருவரின் வழிவந்தோர், பின்னாளில் அதே உறைகளையும் அவற்றுக்குள் இருக்கும் நீரையும் நலத்தின் ஊற்றாகப் போற்றினர் என்பதை இந்த வரலாற்றைப் படிப்பவர் எளிதில் கடந்துவிட முடியாது. மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஸ்டில் 1892இல் தொடங்கிய கல்லூரியில் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லாந்து (1873–1954), 1899 வாக்கில், பிரித்து வைக்கப்பட்டிருந்த மண்டையோட்டின் எலும்புகளைப் பார்த்தபோது, அவற்றின் சரிந்த விளிம்புகள் மீனின் செவுளை நினைவூட்டின; செவுள் மூச்சுக்கு உரியது என்பதால், மண்டையோடும் ஏதோ ஒரு மூச்சுக்காக அசைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் பிறந்தது. அந்த எண்ணத்தைப் பொய்யென்று காட்டவே அவர் முதலில் முயன்றார் என்றும், வார்களையும் கட்டுகளையும் இறுக்கித் தம் தலையையே சோதனைக்கு உட்படுத்தினார் என்றும் அவர் வழிவந்தோர் கூறுவர். தம் கொள்கையை ‘தி கிரேனியல் பௌல்’ என்ற நூலாக அவர் 1939இல் வெளியிட்டார்.

நுரையீரலின் மூச்சுக்கு முன்னதாக, மூளை, அதன் உறைகள், மூளைத் தண்டுவட நீர், மண்டையோட்டு எலும்புகள், இடுப்பின் முக்கோண எலும்பு ஆகியவை ஒருங்கே விரிந்து சுருங்கும் ஓர் ‘ஆதி மூச்சு’ உண்டு என்பது சதர்லாந்தின் கருத்து. வாழ்நாளின் பிற்பகுதியில் அவர் இதனோடு நிற்கவில்லை. பைபிளின் ஆதியாகமத்தில், மண்ணால் உருவாக்கப்பட்ட மனிதனின் நாசியில் கடவுள் ஊதியதாகச் சொல்லப்படும் ஜீவசுவாசமே இந்த அசைவின் மூலம் என்றும், மூளைத் தண்டுவட நீருக்குள் கண்ணுக்குப் புலனாகாத மற்றோர் ஆற்றலாக அது நிறைந்திருக்கிறது என்றும், சிகிச்சையாளர் தம் அறிவால் உடலைத் திருத்துவதை விட்டு உடலுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பேரறிவை நம்பி அமைதி காக்க வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். எலும்பின் விளிம்பில் தொடங்கிய சிந்தனை இவ்வாறு இறையியலில் வந்து நின்றது. இது குறையாகச் சொல்லப்படுவது அன்று. உயிர் என்பது உடலின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்டது, அதன் முன் மனிதக் கை பணிவோடு நிற்க வேண்டும் என்ற உணர்வு எல்லாச் சமயங்களிலும் மதிப்புக்குரியது. சதர்லாந்தின் எழுத்தில் அது உண்மையான பக்தியின் குரலாகவே ஒலிக்கிறது. ஆனால் பக்தியின் குரலும் உடற்கூற்றின் குரலும் ஒரே வாக்கியத்தில் பேசும்போது, எது எதற்குச் சான்று தருகிறது என்று பிரித்துக் கேட்கும் கடமை படிப்பவருக்கு வந்துவிடுகிறது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் 1983 வரை பணியாற்றிய ஆஸ்டியோபதி மருத்துவர் ஜான் அப்லெட்ஜர் (1932–2012) இந்த மரபைச் சமயச் சொற்களிலிருந்து விலக்கி, உயிரியல் இயக்கத்தின் சொற்களில் மறுபடி எழுத முயன்றார். கழுத்தில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையில் உதவியபோது, தண்டுவடத்தின் உறை தாளத்தோடு அசைந்து தாம் பிடித்தும் நிற்காததைக் கண்டதே தம் தேடலின் தொடக்கம் என்று அவர் கூறினார். நிமிடத்துக்கு 6 முதல் 12 முறை எழுந்து தாழும் ஒரு தாளத்தைப் பயிற்சி பெற்ற கை உடலின் எப்பகுதியிலும் உணரலாம், அதன் தடைகளைக் கண்டு மெல்ல விடுவிக்கலாம் என்பது அவர் உருவாக்கிய முறையின் சாரம். 1985இல் ஃபுளோரிடாவில் அவர் நிறுவிய கழகம், மருத்துவர் அல்லாதவர்களுக்கும், குறிப்பாக மசாஜ் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதைக் கற்பித்தது. இரண்டும் ஒரே மேசையில், ஒரே விலைப்பட்டியலில் வந்து சேர்ந்தது இப்படித்தான். இன்னொரு புறம், பௌத்தத் தியானத்தில் பயின்ற ஃபிராங்க்ளின் சில்ஸ், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நடத்திய கருணா இன்ஸ்டிடியூட் வழியாகச் சதர்லாந்தின் பிற்காலக் கருத்துகளைப் பௌத்த விழிப்புநிலையோடு இணைத்து வளர்த்தார். அந்தக் கிளையில் கை எதையும் திருத்துவதில்லை. உடலுக்குள் வெவ்வேறு வேகங்களில் எழும் ‘அலைகளை’ அது கேட்டிருக்கிறது, அவை ஓய்ந்து நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறது. மசாஜின் வகைகள் வினைகளாக இருக்க, இங்கே வகைகள் உணரப்படும் பொருள்களாகிவிட்டன.

இந்தப் பொருள்கள் இருக்கின்றனவா? உடற்கூற்றியல் தரும் விடை பெரும்பாலும் எதிர்மறையானது. வளர்ந்த மனிதரின் மண்டையோட்டில் எலும்புகள் சேரும் இணைப்புக் கோடுகள் இருபதுகளிலிருந்து மெல்ல மெல்ல இறுகத் தொடங்குகின்றன; அவற்றில் எஞ்சும் நெகிழ்ச்சி மிக நுண்ணியது. சதர்லாந்து தம் கொள்கையின் கீலாகக் கொண்ட, மண்டையோட்டின் அடித்தளத்தில் இரண்டு எலும்புகள் சேரும் மூட்டு, பதின்ம வயதின் இறுதியையொட்டி ஒரே எலும்பாக இணைந்துவிடுகிறது. மூளைத் தண்டுவட நீர் அசைவது உண்மையே. ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவில் இருக்கும் அது நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது, இதயத் துடிப்போடும் மூச்சோடும் சேர்ந்து அலைகிறது என்பதைக் காந்த ஒத்ததிர்வுப் படங்கள் காட்டுகின்றன. இவ்விரண்டையும் சாராத மூன்றாவது தாளம் ஒன்று இருந்து, அது எலும்பையும் தோலையும் கடந்து விரலுக்கு எட்டுகிறது என்பதே நிறுவப்பட வேண்டியது. அதற்கான நேரிய சோதனை எளிது: ஒரே மனிதரின் உடலில் இரண்டு வல்லுநர்கள் கை வைத்து எண்ணினால் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் தலையிலும் மற்றவர் பாதத்திலும் ஒரே நேரத்தில் கைவைத்து அந்தத் தாளத்தை எண்ணினர். இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் எழுதிய ஸ்டீவ் ஹார்ட்மன், ஜேம்ஸ் நார்டன் ஆகிய இருவரும் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியிலேயே ஆசிரியர்கள். பரிசோதகர்களுக்கிடையிலான உடன்பாடு ஏறத்தாழச் சுழியம் என்று கண்ட அவர்கள், இப்பாடத்தை ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கலாம் என்று பரிந்துரைத்தனர். தம் வீட்டின் தூணைத் தாமே தட்டிப் பார்த்து, உள்ளே உளுத்திருக்கிறது என்று அறிவித்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

கைகள் பொய் சொல்கின்றனவா என்றால், அப்படிச் சொல்வது அவசரமான தீர்ப்பாகும். பல ஆண்டுகள் பழகிய சிகிச்சையாளர் ஒருவர் தம் உள்ளங்கையில் ஏதோ எழுந்து தாழ்வதை உணர்வதாகச் சொல்லும்போது, அந்த உணர்வு அவருக்கு உண்மையாகவே நிகழ்கிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ பொந்தி விரிவாக எழுதியதுபோல, தொடுதல் என்ற புலனில் தொடுபவரும் தொடப்படுபவரும் முற்றிலும் பிரிந்து நிற்பதில்லை. ஒரு கை மற்றொன்றைத் தொடும்போது எது அறிகிறது, எது அறியப்படுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கண் தன்னைத்தானே காண்பதில்லை, ஆனால் விரல் தன் நுனியின் நாடித் துடிப்பையும் தன் தசையின் நுண்ணிய நடுக்கத்தையும் பிறர் தோலோடு சேர்த்தே உணர்கிறது. எதிர்பார்ப்பு மட்டுமே தசையை அறியாமல் அசைக்கப் போதுமானது என்பதை ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் 1852இலேயே விளக்கினார். நூலில் கட்டிய குண்டு பிடித்திருப்பவரின் விருப்பத்துக்கேற்ப ஊசலாடுவதற்குக் காரணம் அதுவே. ஆகவே உணர்வு உண்டு என்பதில் ஐயமில்லை. அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தரப்படும் விளக்கமே ஐயத்துக்குரியது.

இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும் கருவி தமிழ்ச் சைவ சித்தாந்தத்தின் அளவையியலில் ஆயத்தமாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவு பிறக்கும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது: நேரே அறிவது காண்டல், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கவரின் வாக்கால் அறிவது உரை. காண்டலையும் அது நான்காகப் பகுக்கிறது. கண், காது, தோல் முதலிய பொறிகளின் வழி நிகழ்வது இந்திரியக் காட்சி. பொறி தந்ததை மனமும் புத்தியும் பற்றி அறிவது மானதக் காட்சி. தனக்குள் எழும் இன்ப துன்பங்களைத் தானே அறிவது தன்வேதனைக் காட்சி. தவத்தால் மலம் நீங்கப்பெற்ற யோகி, பொறிகளுக்கு எட்டாததை இருந்த இடத்திலிருந்தே அறிவது யோகக் காட்சி. இதுவோ அதுவோ என்ற ஐயமும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரிவும் நீங்கிய பின்பே காட்சி அளவையாகும் என்பதும் அங்கே வற்புறுத்தப்படுகிறது. இந்தப் பகுப்பின்படி, மசாஜ் செய்பவரின் கை அறிவது இந்திரியக் காட்சி. அதன் பயனாகிய வலிக்குறைவையும் இதத்தையும் செய்துகொள்பவர் அறிவது தன்வேதனைக் காட்சி. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகவில்லை. கிரேனியோசேக்ரல் சிகிச்சையில் கை அறிவதாகச் சொல்லப்படுவதும் இந்திரியக் காட்சியாகவே முன்வைக்கப்படுகிறது, ஏனெனில் அது தோலால் உணரப்படும் தாளம், நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணத்தக்கது எனப்படுகிறது. ஆனால் எண்ணிப் பார்த்து ஒப்பிட்டவுடன் அது ஒத்துவராமல் போகிறது, அப்போது ‘அமைதியடைந்த மனத்துக்கே அது புலப்படும்’ என்ற விளக்கம் வருகிறது, அதாவது அது யோகக் காட்சியின் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. யோகக் காட்சியை மரபு மறுக்கவில்லை. எனினும் அதை வாழ்நாள் முழுவதையும் விலையாகக் கேட்கும் தவத்தின் பயனாகவே அது வைத்தது, சில நாள் பயிற்சி வகுப்பின் முடிவில் தரப்படும் சான்றிதழின் பயனாக வைக்கவில்லை. மேலும், யோகி கண்டது யோகிக்கே காட்சி. அதைக் கேட்கும் மற்றவருக்கு அது உரை மட்டுமே, அந்த உரையின் வலிமை சொல்பவரின் நம்பகத்தையே சார்ந்தது. ஒரே உடலைப் பற்றி இரண்டு நம்பத்தக்கவர்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால், குறைந்தது ஒருவரின் உரையாவது திரிவு என்பதைச் சித்தாந்தி தயங்காமல் ஒப்புக்கொள்வார்.

தமிழ் வாசகர் இங்கே நாடி பார்த்தலை எண்ணுவது இயல்பு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை அறிவதும் பயின்ற கையின் அறிவே அல்லவா என்று அவர் கேட்கலாம். ஒரு வேறுபாடு வெளிப்படையானது: நாடித் துடிப்பு இருக்கிறது என்பதிலும் அது நிமிடத்துக்கு எத்தனை முறை என்பதிலும் யார் விரல் வைத்தாலும் உடன்பாடு கிடைக்கும். அந்தத் துடிப்பின் நடையிலிருந்து மூன்று தாதுக்களின் நிலையை வாசிப்பது அதற்கு மேற்பட்ட ஒரு படி. அந்தப் படிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரே நோயாளியின் நாடியைத் தனித்தனியே பார்த்த இரண்டு வைத்தியர்கள் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதிக்காமல் அதை ஏற்றுக்கொள்வதும் முறையாகாது, அது நம் மரபைச் சேர்ந்தது என்பதால் சோதனையிலிருந்து விலக்குக் கேட்பதும் நேர்மையாகாது.

தாளம் இல்லையென்றால் பயனும் இல்லை என்று முடித்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி, அதற்கு விடை சொல்வது கடினமானது. 2016இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வொன்றில், நாட்பட்ட கழுத்துவலி உள்ள 54 பேரில் ஒரு பாதியினருக்குக் கிரேனியோசேக்ரல் சிகிச்சையும் மறுபாதியினருக்கு அதுபோலவே தோன்றும் மெல்லிய தொடுதலும் தரப்பட்டன. முந்தியவர்களின் வலி கூடுதலாகத் தணிந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த வேறுபாடு காணப்பட்டது. 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்போ, பல நோய்களுக்கான சோதனைகளை ஒருசேர எடுத்துப் பார்த்து, பயன் ஏதும் நிறுவப்படவில்லை என்றது. இத்தகைய சோதனைகளில் நோயாளிக்குத் தெரியாமல் போலிச் சிகிச்சை தரலாம், ஆனால் தருபவருக்குத் தாம் தருவது எது என்று தெரிந்தே இருக்கும். அவருடைய நம்பிக்கை அவர் கையின் பொறுமையில், முகத்தின் அமைதியில், மூச்சின் நிதானத்தில் வெளிப்பட்டுப் படுத்திருப்பவரைச் சென்றடையாமல் இருக்காது. 1784இல் பிரான்சின் மன்னர் பதினாறாம் லூயி நியமித்த குழு, மெஸ்மர் என்ற மருத்துவர் பரப்பிய ‘உயிர்க்காந்தத் திரவம்’ என்ற கொள்கையைச் சோதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவோசியரும் அதன் உறுப்பினர்கள். காந்தம் ஏற்றப்பட்டதாக நம்பவைக்கப்பட்டவர்கள் ஏற்றாதபோதும் துடித்தனர், அறியாமல் ஏற்றப்பட்டவர்கள் ஒன்றும் உணரவில்லை. திரவம் இல்லை, விளைவு கற்பனையால் வந்தது என்று குழு அறிவித்தது. அந்த முடிவு சரியானதே. ஆனால் கற்பனை என்று பெயரிட்டுவிட்ட பிறகு, எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் பிறரின் கவனமும் ஓர் உடலில் இத்தனை பெரிய மாற்றத்தை எவ்வாறு விளைவிக்கின்றன என்ற கேள்வியை அக்குழு அப்படியே விட்டுச் சென்றது. ஆஸ்டியோபதியின் தந்தையாகிய ஸ்டில், தொடக்க காலத்தில் தம்மைக் காந்தச் சிகிச்சையாளர் என்றே விளம்பரப்படுத்திக்கொண்டவர். அந்த விடப்பட்ட கேள்விதான் கிர்க்ஸ்வில் வழியாகச் சதர்லாந்தின் கைக்கும் வந்து சேர்ந்தது என்று சொல்வதில் தவறில்லை. ஒரு மணி நேரம் தம் தலையை மற்றொருவர் எந்த அவசரமும் இல்லாமல் தாங்கியிருப்பது இன்றைய வாழ்வில் பலருக்குக் கிடைக்காத பேறு. அந்த அசைவின்மைக்கு நலம் தரும் ஆற்றல் இருக்கக்கூடும், அதற்கு மண்டையோடு அசைய வேண்டிய தேவையில்லை.

எனவே எஞ்சும் கேள்வி அறம் பற்றியது. படுத்திருப்பவரின் உடலைப் பற்றிப் பேசும் அதிகாரம் யாருக்கு? மசாஜில் அந்த அதிகாரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. வலிக்கிறது என்று படுத்திருப்பவர் சொன்னால் அழுத்துபவரின் எல்லாப் படிப்பும் அந்தச் சொல்லுக்குப் பணிய வேண்டும், ஏனெனில் தன்வேதனைக் காட்சியை மறுக்கும் உரிமை வேறு எவருக்கும் கிடையாது. கிரேனியோசேக்ரல் சிகிச்சையில் கையின் எடை குறையக் குறைய, கைக்கு உரியவரின் சொல்லின் எடை கூடிக்கொண்டே போகிறது. ‘உங்கள் உடல் இடப்பக்கம் தடைபட்டிருக்கிறது’ என்று அவர் சொன்னால், அதை ஆமென்றோ இல்லையென்றோ சொல்லப் படுத்திருப்பவரிடம் எந்த வழியும் இல்லை. அப்லெட்ஜர் இன்னும் ஒரு படி சென்று, உடலில் பட்ட அடியின் விசையும் அதனோடு சேர்ந்த உணர்ச்சியும் திசுக்களுக்குள் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடக்கும், தொடுதலால் அது விடுபடும்போது மறந்த நினைவுகளும் அழுகையும் வெளிவரும் என்று கற்பித்தார். துயரம் உடலில் தங்கும் என்பதை வாழ்ந்தவர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் தளர்ந்து, நம்பி, கண்மூடிக் கிடக்கும் ஒருவரிடம் அவருடைய கடந்தகாலத்தைப் பற்றிக் குறிப்புக் காட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதையும், குறிப்பால் பொய்யான நினைவுகளும் உண்டாகக்கூடும் என்பதையும் உளவியல் போதிய அளவு எடுத்துக்காட்டியிருக்கிறது. மென்மையான தொடுதல் என்பதால் அதில் வன்முறைக்கு இடமில்லை என்று நினைப்பது பெருந்தவறு.

சதர்லாந்து தொடங்கிய மரபில் உண்மையான ஒரு சமயச் செல்வம் இருக்கிறது: உயிரின் முன் மௌனமாக நிற்பது, திருத்த முனையாமல் உடனிருப்பது, தன் கையை இன்னொருவரின் துன்பத்துக்கு ஒப்புக்கொடுப்பது. கைவைத்து ஆசீர்வதிக்கும் வழக்கம் பல சமயங்களில் இருப்பது இதே செல்வத்தின் வேறு வடிவமே. அதை அப்படியே, பிரார்த்தனைக்கும் தியானத்துக்கும் பக்கத்தில் வைத்து வழங்குவதில் எவருக்கும் இழுக்கில்லை. அதை நரம்பியல் என்றும் எலும்பியல் என்றும் பெயரிட்டு விலைக்கு வைப்பதே பிழை. இச்சிகிச்சையைச் செய்வோர் தம் கை உணரும் தாளம் உடலில் நிறுவப்படவில்லை என்பதைப் படுக்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை நாடிச் செல்வோர், மசாஜில் செய்வதுபோல இங்கும் ‘எனக்கு அப்படித் தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது. உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தையின் தலையை இத்தகைய கைகளில் ஒப்படைக்கும் முன் பெற்றோர் குழந்தை மருத்துவரைக் கேட்க வேண்டும். காய்ச்சல், வலிப்பு, ஓயாத தலைவலி, வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.